சுண்டுவிரல் பக்கத்துத் தையல்

1

இந்தக் கதை என் இடது காலில் தொடங்கியது. தொடங்கியபோது எனக்குத் தெரியாது.

சர்க்கரை வந்து பதினான்கு வருடம் ஆகிறது. உள்ளங்காலில் உணர்ச்சி போய் நான்கு வருடம். போன ஆவணியில் ஒரு நாள் என் மனைவி கனகா வீடு துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஏங்க, தரையெல்லாம் ரத்தமா கீதே, யாருக்கு அடிபட்டுது?" என்று கேட்டாள். நானும் பதறிப்போய் அவளோடு சேர்ந்து வீடு முழுக்கத் தேடினேன். நான் போன இடமெல்லாம் புள்ளி புள்ளியாக ரத்தம் கூடவே வந்தது. ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே போன கருவேல முள்ளோடு மூன்று நாள் நடந்திருக்கிறேன்.

செங்கல்பட்டில் சுண்டுவிரலை எடுத்தார்கள். "இன்னொரு புண்ணு வந்தா விரலோட நிக்காது, கணுக்கால் வரைக்கும் போயிடும்" என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்கு மட்டும் அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை.

என் பெயர் வீராசாமி. உத்திரமேரூர் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் இருபத்தேழு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். நடுநடுவே கதையும் எழுதுவேன். பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தால், எத்தனை சொல் அடித்தோம், எத்தனை செருகினோம் என்று கடைசியில் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மறைக்கக் கூடாது. அந்தப் பழக்கத்தில் இந்தக் கதையிலும் அடித்ததை அடித்தபடியே விட்டிருக்கிறேன். முகம் சுளிக்காமல் படியுங்கள்.

2

முதல் தொடக்கம்:

"ஏரிக்கரைக் காற்றில் பதப்படுத்திய தோலின் மணம் மிதந்து வர, அந்தக் குடிசையில்..."

(அடித்தல். எனக்குச் செருப்புத் தைக்கும் சுகிர்தாவின் வீடு குடிசை இல்லை, காங்கிரீட் வீடு. மேலே தண்ணீர் டேங்க் இருக்கிறது. உள்ளே மெழுகும் பசையும் மணக்கும். கதை எழுத உட்கார்ந்தால் எங்கிருந்துதான் இந்தக் குடிசை வந்து நிற்கிறதோ.)

இரண்டாம் தொடக்கம்:

"அவள் விரல்கள் ஊசியோடு பேசின. ஊசி தோலோடு..."

(அடித்தல். ஊசியோடு யாரும் பேசவில்லை. சுகிர்தா தைக்கும்போது தன் அண்ணி பாக்கியமேரியோடு போனில் பேசுவாள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு, மளிகையிலிருந்து மாதா கோயில் சங்கதி வரைக்கும் எல்லாம் நடக்கும்.)

மூன்றாம் தொடக்கம் மேலே ஒன்று என்று போட்டிருப்பது. அது நிற்கட்டும்.

3

சுகிர்தாவுக்கு முப்பத்தெட்டு வயது. பதினோரு வருடம் ஒரு ஷூ கம்பெனியில் மெஷினில் தைத்தவள். விடியலில் கம்பெனி வேன் ஏறினால் இருட்டும் நேரத்துக்குத்தான் வீடு. கம்பெனி அந்தத் தையல் லைனை வேறு ஊருக்கு மாற்றியபோது அவள் போகவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கைத்தையல் பழகினாள். இப்போது என்னைப் போல் உணர்ச்சியற்ற காலுள்ளவர்களுக்குச் செருப்புத் தைக்கிறாள். அடியில் மெத்தென்ற ரப்பர், மேலே தோல் வார். ஆணி கிடையாது, அத்தனையும் கைத்தையல்.

அளவெடுக்கப் போன அன்று பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தரையில் செய்தித்தாளை விரித்து, "காலக் குடுங்க சார்" என்றாள். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவன், அந்தத் தெருவில் போய்க் காலை நீட்டி, ஒரு பெண்பிள்ளை அதைத் தொட்டு... எனக்குக் கூச்சமாக இருந்தது.

"வெக்கப்பட்டுக்கினு கீறதுக்கு இது இன்னா பொண்ணு பாக்குறதா? வெயிங்க சார்."

வைத்தேன். பென்சிலால் சுற்றி வரைந்தாள். விரல் இல்லாத இடத்தில் பென்சில் ஒரு நொடி நின்றது. அப்புறம் அந்த வளைவையும் உள்ளபடி வரைந்தாள்.

அவள் தைப்பதை முதல்முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நூல் ஒன்று; அதன் இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஊசி. முழங்கால்களுக்கு நடுவில் மரக் கவ்வியைப் பிடித்து, அதில் தோல் வாரை நிறுத்துகிறாள். குத்தூசியால் ஓர் ஓட்டை. இடது ஊசி இந்தப் பக்கமிருந்து போகிறது, வலது ஊசி அதே ஓட்டைக்குள் அந்தப் பக்கமிருந்து வருகிறது. இரண்டு கையையும் விரித்து ஒரே அளவு இழுக்கிறாள். அடுத்த ஓட்டை.

"மெஷினு தையல்ல ஒரு இடத்துல நூலு அறுந்தா கடகடன்னு பிரிஞ்சிக்கினே வரும் சார். இதுல ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு புடிச்சிக்கினு கீதும்."

தையல் ஒவ்வொன்றும் ஒரே சாய்வில், எறும்புச் சாரை போல வரிசையாக இருந்தது. இருபத்தேழு வருடமாக நேர்கோட்டில் எழுதிப் பழகிய கை என்னுடையது. அந்த வரிசையைப் பார்த்து நான் உண்மையிலேயே பொறாமைப்பட்டேன்.

4

இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டேன். முடிவு இதுதான்:

"புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வீராசாமி ஏரிக்கரை வரைக்கும் நடந்தார். கால் அவருக்குச் சொல்லாததை எல்லாம் சுகிர்தாவின் கை சொல்லியிருந்தது. மேற்கே சூரியன்..."

(அடித்தல். சூரியன் என்ன செய்தது என்று எழுதுவதற்குள் போன ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. சர்ச் முடிந்து வந்த சுகிர்தா, "என்ன வெச்சி கத எழுதிக்கீறீங்களாமே, குடுங்க பாக்கலாம்" என்று தாள்களை வாங்கிக்கொண்டாள். அடித்தலுக்குக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், இது மூன்றாவது.)

5

அவள் படிக்கும்போது நான் பரீட்சை எழுதியவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கனகா காபி கொடுத்தாள். சுகிர்தா ஒரு வாய் குடித்துவிட்டு, தாளைத் திருப்பி, மறுபடி முதல் தாளுக்கு வந்தாள்.

"உங்க தெருல கீந்து எங்க தெருவுக்கு நடந்து வந்தீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக்கீறீங்க. தையல பத்தி அரப் பக்கம்."

(அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். அதில் என் மனசாட்சியைப் பற்றி நிறைய இருந்தது. உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.)

"நல்லாதான சொல்லிக்கீறேன் ம்மா? எவ்ளோ பெருமையா..."

"பெரும கெடக்குது சார். மொத ஜோடில நான் பண்ண தப்ப எங்க காணோம்?"

நான் கனகாவைப் பார்த்தேன். கனகா டம்ளரைப் பார்த்தாள்.

"அத்த எழுதினா உனக்குத்தானே கெட்ட பேரு. நாலு பேரு படிச்சா உன்னண்ட வர்றவங்க கூட..."

"அது இல்லாங்காட்டி நான் நாப்பது துண்டு இன்னாத்துக்கு தெச்சேன்? மூணு வாரம் எனக்கு வேற வேல இல்லாமயா?" தாள்களைத் தட்டிச் சேர்த்து என் மடியில் வைத்தாள். "பேஜார் புட்ச்ச கத சார் இது. பொறந்ததுலேர்ந்தே நான் நல்லா தெச்சிக்கினு கீற மாரி எழுதிக்கீறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. பாராட்டினால் குற்றமா என்று நினைத்தேன். அவள் போன பிறகு மறுபடி படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். முன்பக்கம் மட்டும் பார்த்து எழுதியிருந்தேன்.

ஆகவே கீழே வருவது இடைச்செருகல். அவள் கேட்டுப் போட்டது.

6

முதல் ஜோடி வந்தது மாசி மாதம். "மொத நாளு அர மணி நேரம்தான் போடணும். கழட்டிட்டு அடி, பக்கம், மேல, எல்லாத்தையும் பாக்கணும். செவந்திருந்தா போடக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அரை மணி போட்டேன். கழற்றினேன். கனகாவின் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து நானே காலைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சத்தியமாக எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அத்தனை அழகான தையல் ஒருவனை என்ன செய்துவிடும் என்ற நினைப்பும் இருந்தது. மறுநாள் அதே செருப்போடு நாலு மணி நேரம் ஆபீசில் உட்கார்ந்தேன், எழுந்தேன், நடந்தேன்.

சாயங்காலம் கனகா பார்த்தாள். சுண்டுவிரல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அரிசி அளவுக்குச் சிவப்பு. அதன் நடுவில் தோல் வெளுத்து உப்பியிருந்தது. கனகா அடுப்படிக்குப் போனாள். அங்கே அவள் அழுவது கேட்டது. நான் காலைத்தான் உற்றுப் பார்த்தேன்; அது யாருடைய காலோ மாதிரி சும்மா கிடந்தது.

மறுநாள் காலை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். சுகிர்தா வாரின் உள்பக்கத்தை விரலால் தடவினாள். மறுபடி தடவினாள்.

"ஒண்ணும் தெர்ல சார்."

அவள் விரல் நுனிகளைக் காட்டச் சொன்னேன். மெழுகு நூல் இழுத்து இழுத்து ஒவ்வொரு நுனியும் காய்த்துப்போயிருந்தது. என் காலுக்கும் தெரியவில்லை, அவள் விரலுக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் என் பையில் கார்பன் தாள் இருப்பது ஞாபகம் வந்தது. (இந்தக் காலத்திலும் கார்பனா என்று ஆபீசில் கேலி செய்வார்கள். செய்யட்டும்.) தையலின் மேல் வெள்ளைத் தாளை வைத்து, அதன்மேல் கார்பனைக் கவிழ்த்து, கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்தேன். தாளை எடுத்துப் பார்த்தால் தையல் முழுவதும் மெல்லிய கோடாக விழுந்திருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கறுப்பாக, அழுத்தமாக மூன்று புள்ளி.

தையல் முடிந்த இடம். சுண்டுவிரல் பக்கம்.

சுகிர்தா அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போன் அடித்தது. எடுக்கவில்லை.

"கம்பெனில முடிக்கறப்ப மூணு தையலு பின்னால ரிவர்ஸ் அடிப்போம் சார், பிரியாம இருக்க. சுண்டுவிரலு பக்கத்துலதான் ஆரம்பிச்சி அங்கியே முடிப்போம், மெஷினுக்கு அங்கதான் திருப்ப வாட்டம். பதினோரு வருசம். நான் கையில தெக்கிறேன்னு நெனச்சிக்கினு கீறேன். என் கை இன்னும் கம்பெனிலயே தெச்சிக்கினு கீது." வாரைத் திருப்பினாள். "செக்கருங்க முன்பக்கம்தான் பாப்பாங்க. நானும் அங்கியே பாத்துக்கீறேன். தப்பு என்னுது சார்."

"பரவால்லம்மா, ஆறிடும்."

"பரவால்லன்னு சொல்லாதீங்க!" சத்தமாகவே சொன்னாள். "காலு போனா பரவால்லயா? உங்களுக்கு குத்தினா நீங்க கத்துவீங்க, நான் மாத்திக் குடுப்பேன். நீங்க கத்த மாட்டீங்கன்னுதான என்னண்ட வந்துக்கீறீங்க?"

அரிவாளையே எடுத்து வீசியிருந்தாலும் எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. அன்று முதல் சுகிர்தா மேல் எனக்கு இருப்பது சாதாரண மரியாதை இல்லை.

என் கால் ஆறப் பத்து நாள் ஆனது. அவள் என் செருப்பைப் பிரித்து ஆணியில் மாட்டிவிட்டாள். கழிவுத் தோலில் விரல் நீளத் துண்டுகளாக வெட்டி அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் முப்பது தையல். முடித்ததும் பின்பக்கத்தில் பேனாவால் தேதி. போன் அரிசி டின்னுக்குள் போனது.* நான் ஒன்றுவிட்டு ஒரு நாள் கார்பன் தாளோடு போவேன்.

(* பேச்சு நடுவில் தையலை விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கும்போது, சில நாள் இடது ஊசிக்குப் பதில் வலது ஊசி முதலில் போய்விடுமாம். அந்த இடத்தில் சாய்வு மாறும். பாக்கியமேரிக்கு இன்னும் இது தெரியாது. தன் மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.)

முதல் பத்துத் துண்டில் முன்பக்கம் மணி மணியாக இருந்தது. பின்பக்கம் குடிகாரன் நடை. இரண்டாவது ஊசி போகும்போது ஓட்டைக்குள் ஏற்கெனவே இருந்த நூலையே குத்திவிடுவதைக் கண்டுபிடித்தாள். குத்திய நூல் இழுபடாது, அங்கே முண்டு கட்டிப் புடைக்கும். அதற்குப் பிறகு முதல் நூலைச் சற்றே தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதன் மேலே ஊசியை விட்டாள். ஒவ்வோர் ஓட்டைக்கும் அதே வரிசை.

பதினெட்டாவது துண்டில், தைப்பதற்கு முன்பு தோலில் மெல்லிய வாய்க்கால் கீறி நூலை அதற்குள் உட்கார வைத்தாள். கார்பனில் கோடு பாதியாக மங்கியது. "இன்னும் கீது" என்றாள்.

முடிக்கும் இடம்தான் முரண்டு பிடித்தது. முடிச்சும் கூடாது, மூன்று தையல் பின்னே வந்தால் முண்டு, வராமல் விட்டால் பிரியும். இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு, எல்லாவற்றிலும் கறுப்புப் புள்ளி. இருபத்தெட்டாவதைச் சுவரில் விட்டெறிந்தாள். நான் காபி குடிக்கிறமாதிரி வேறு பக்கம் பார்த்தேன்.

முப்பத்தொன்றில் கண்டுபிடித்தாள். கடைசி நான்கு விரற்கடை நூலைக் கத்தி முனையால் சுரண்டிச் சுரண்டி மெலிய வைத்தாள். மெலிந்த நூலோடு இரண்டே தையல் பின்னே வந்தாள். வெட்டி, மெழுகு தேய்த்து, சுத்தியலால் மெல்லத் தட்டினாள். கார்பனில் இரண்டு சின்னச் சாம்பல் புள்ளி. முப்பத்தெட்டில் ஒரு புள்ளி. நாற்பதில், எது முடிந்த இடம் என்று நான் தாளைத் தலைகீழாகத் திருப்பியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எங்கம்மா முடிச்ச?"

"சொல்ல மாட்டேன்" என்று சிரித்தாள். அந்த மூன்று வாரத்தில் அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதையும் எழுதிவிடுகிறேன்.

அவ்வளவும் போதாதென்று என் புதுச் செருப்பில், தையல் முடியும் இடத்தையே காலின் மேல் பக்கத்துக்கு, எலும்பு அழுத்தாத இடத்துக்கு மாற்றிவிட்டாள். மெஷினில் அது வாட்டமில்லாத இடமாம்.

7

இப்போது முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: செருப்பு அருமையாக அமைகிறது, சுகிர்தாவுக்கு ஊரெல்லாம் பேர்.

இரண்டு: மறுபடி சிவக்கிறது, நாற்பத்தொன்றாவது துண்டை எடுத்து அவள்...

மூன்று: டாக்டர் செருப்பைக் கையில் வாங்கி, தன் கண்ணாடியைக் கழற்றி...

(மூன்றும் அடித்தல். எனக்கு எது வேண்டுமோ அதைத்தான் மூன்றிலும் எழுதப் பார்க்கிறேன். இரண்டாவதைக்கூட, அவள் மேல் உள்ள பிரியத்தில்தான் எழுதினேன்.)

புதுச் செருப்பை நேற்றுக் கொண்டுவந்தபோது அவள் ஒரு சட்டம் சொன்னாள்.

"இந்த வாட்டி நீங்க பாக்கக் கூடாது சார். மொத வாட்டி பாத்தீங்களே, இன்னா தெரிஞ்சிது? நானும் பாக்க மாட்டேன். தெச்சவளுக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. நல்லா இருக்கணும்னு நெனச்சிக்கினு பாத்தா நல்லாத்தான் கீதும். மூணாவது ஆளு பாக்கணும்."

பத்திரத்திலும் அதுதான் சட்டம். எழுதிக் கொடுப்பவரும் எழுதி வாங்குபவரும் சாட்சிக் கையெழுத்துப் போட முடியாது. இருபத்தேழு வருடமாக அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவன், என் காலுக்கு நானே சாட்சி போட்டிருக்கிறேன்.

"கனகா பாக்கட்டும்" என்றேன்.

"நானும் வேணாங்க" என்றாள் கனகா உடனே. "நான் நேத்தே நல்லா இருக்கணும்னு மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கினேன்."

8

இன்று ஞாயிறு. மணி நாலே முக்கால். நாலேகாலுக்குச் செருப்பைப் போட்டேன். வாசலுக்கும் கொல்லைக்குமாக அரை மணி நேரம் நடந்தேன். இப்போது கழற்றிவிட்டேன். முக்காலியின் மேல் இடது காலைத் தூக்கி வைத்திருக்கிறேன், அடிப்பாகம் உங்கள் பக்கம். எனக்குத் தெரிவது முழங்கால் மட்டும்.

கனகா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுகிறாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுகிறாள். காலையில் சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடே வந்த சுகிர்தா, வாசலில் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளைப் புடவை. நாற்பதாவது துண்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது ஆள் நீங்கள்தான்.

ஒரு தப்பு செய்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பக்கம் அவளைப் புகழ்ந்து தள்ளிவிட்டேன். இந்நேரம் நீங்களும் நன்றாக இருக்கவேண்டும் என்று நினைக்கத் தொடங்கியிருப்பீர்கள். சாட்சியை நானே கெடுத்துவிட்டேன். தயவுசெய்து அவள் சிரித்ததை மறந்துவிடுங்கள். நான் கண் கலங்கியதையும் மறந்துவிடுங்கள். நாற்பது துண்டையும் மறந்துவிடுங்கள். அவை தோலில் இருந்தால் போதும், உங்கள் கண்ணில் இருக்க வேண்டாம்.

சுண்டுவிரல் இருந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். மேல் பக்கம் வரைக்கும் போங்கள். சிவப்பு இருந்தால் கடுகு அளவா, அரிசி அளவா என்று சொல்லுங்கள். விரலால் அழுத்திப் பார்க்கலாம், எனக்கு வலிக்காது. என் முகத்தைப் பார்க்காதீர்கள்.

இந்தக் கதையில் அடித்தல் ஆறு, இடைச்செருகல் ஒன்று. மறைத்தது ஏதுமில்லை. சாட்சிக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

"இன்னா சார்," சுகிர்தா திரும்பாமலே கேட்கிறாள், "பாத்துட்டாங்களா?"

"இரும்மா. இப்பதான் குனியறாங்க."